குளிர்க்காரர் வீட்டுத் தரை

சுரங்க ஆய்வுக்கூடத்துக் குளிர்க்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தன் சமையலறைத் தரைக்குள் இடுப்பு வரை இறங்கினாள். சற்று நேரத்தில் மீதியும் இறங்கியது. தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

யார் குற்றம் என்று தேடினால் விதிப்புத்தகத்தில்தான் போய் நிற்கும். ஊருக்கு நேர் கீழே, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், எதிலும் முட்டாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் இருட்பொருள் துகளுக்காக ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார்கள். தப்பித்தவறி ஒன்று முட்டினால் உணர்வதற்கு ஒரு படிகம். இதற்குமேல் குளிர முடியாது என்னும் குளிரில் அதை வைத்திருப்பது குளிர்க்காரர் வேலை. மேலே உள்ள தூசு ஒட்டக்கூடாது என்று, உள்ளே போகிறவர் தலையோடு குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வரும்போது குளிக்க விதி இல்லை. கீழே இருப்பதும் மேலே ஒட்டிக்கொண்டு வரும் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் சட்டைகளைத் துவைத்தவள் அவள். காலரை மட்டும் மூன்று முறை தேய்ப்பாள், பாவம்.

முதலில் தேநீர்க் கோப்பை அவள் உள்ளங்கை வழியாக விழுந்தது. அடுத்த மாதம் நாற்காலி அவளைத் தாங்கவில்லை. கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்; விடிந்தபோது கட்டிலில் கயிறு மட்டும் இருந்தது, அவள் தரையில் கிடந்தாள். ஏனோ அவர் கை மட்டும் அவளைப் பிடித்தது. லீவு போட்டு ஒன்பது நாள் பிடித்தபடியே இருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை அதுவும் பிடிக்கவில்லை.

"பயமா இருக்குடி," என்றார்.

"எனக்கு மட்டும் இல்லையா? கீழதானே போறேன், நீங்க வேலை பாக்குற இடம்தானே," என்றவள், கழுத்து வரை போனபின், "அடுப்ப அணைச்சிடுங்க," என்றாள்.

அன்றிலிருந்து எண்பத்து நாலு நிமிடத்துக்கு ஒருமுறை படிகம் அடுத்தடுத்து மூன்று தடவை அதிர்கிறது. பூமியின் மறுகோடி வரை விழுந்து திரும்ப அவ்வளவு நேரம் ஆகும். வீட்டுக் கதவையும் அவள் மூன்று முறைதான் தட்டுவாள். ஆனால் தேடுகிற துகள் ஒருமுறைதான் முட்டும், அதற்குமேல் முட்டினால் வெறும் இரைச்சல் என்பது கூடத்தின் விதி. ஆராய்ச்சியாளர்கள் அவளைப் பதிவிலிருந்து நாளுக்குப் பதினேழு முறை அழிக்கிறார்கள்.

வெளியே வரும்போதும் குளிக்க வேண்டும் என்ற விதி விரைவிலேயே வந்தது. குளிர்க்காரர் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நனையாமல் நிற்பார். தானும் அப்படி விழப்போவதை நினைத்தால் பயமாக இருக்கும். அவள் தனியாக விழுந்துகொண்டிருப்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கும். நான்காம் மாதம் அவர் உள்ளங்கை வழியாகக் கோப்பை விழுந்து உடைந்தது. துடைப்பத்தை இரண்டு முறை பிடிக்க வேண்டியிருந்தது. துண்டுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, அடுப்பை அணைத்தார்.