வெட்டுப்பட்டவர்கள் வந்து சேர்ந்த வீடு

1951 வசந்தத்தில், பர்பாங்கில் சினிமாவுக்குக் கதை எழுதிவந்த வெண்டல் புரூயிட்டின் வீட்டில், அவனும் மனைவி லோர்னாவும் போகப் பதினோரு பேர் தங்கியிருந்தார்கள். பதினோரு பேரும் அவன் கதைகளிலிருந்து ஸ்டுடியோ வெட்டிய பாத்திரங்கள். படம் நீளம் என்று தயாரிப்பாளர் ராஸ்கோ ஒரு பாத்திரத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்தால், அன்று மாலையே அந்த ஆள் பெட்டியோடு வாசலில் நிற்பார். ஒற்றைக்கண் ஷெரீப், இரட்டைப் பாடகிகள், வசனமே இல்லாத பல் வைத்தியர் என்று வீடு நிறைந்தது. அக்கம்பக்கத்தாருக்கு இதில் குறையில்லை. ஷெரீப்பின் குதிரை பூச்செடிகளைத் தின்பதுதான் குறை. "இன்னும் ஒருத்தர் வந்தா நான் கிளம்பிடுவேன்" என்று லோர்னா பத்தாவது ஆளிடமே சொல்லிவிட்டாள். பதினோராவதாக வந்த பல் வைத்தியர் அவளுடைய கடைவாய்ப் பல்லைச் சரிசெய்து தப்பித்தார்.

அந்த வருடக் கடைசியில், பனிக்காலத்தில்தான் ஒஹையோவில் அவள் அப்பா கிளைட் இறந்துபோனார். அவள் கிளம்பிப் போன ரயில் பனியில் சிக்கியதால் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் சட்டை தேய்த்தபடியே சொன்னாள்: "எங்கப்பாவையும் எழுதேன் வெண்டல். எப்படியும் வெட்டித் தொலைப்பாங்க இல்ல?"

எழுதினான், மாமனாரின் இருமல் முதற்கொண்டு. கெட்ட காலம், ஸ்டுடியோவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. "யோவ், அந்தக் கிழவன் தங்கம்யா! வேற யாரை வேணா தூக்கு" என்ற ராஸ்கோ, படத்தை இயக்கும் வாய்ப்பையும் முதன்முறையாக வெண்டலுக்கே கொடுத்தார். வெளியீட்டுக்கு முந்தைய முன்னோட்டக் காட்சியில் ரசிகர்கள் கருத்து எழுதிய அட்டைகளிலெல்லாம் கிழவர் புராணம்தான். திரையில் யாரோ ஒரு நடிகர் அப்பாவின் இருமலை இருமிக்கொண்டிருந்தார். லோர்னா பாதியில் எழுந்து வெளியே போய் அழுதாள்.

மறுநாள் வெண்டல் கத்தரிக்கோலை எடுத்து, எல்லாப் படச்சுருள்களிலிருந்தும் கிழவரைத் தானே வெட்டியெறிந்தான். "மூளை கழண்டுபோச்சாடா உனக்கு!" என்று ராஸ்கோ அலறியது மூன்று படப்பிடிப்பு அரங்கம் தாண்டிக் கேட்டது. படம் நான்கு நாள் ஓடியது. பிறகு ஆறு வருடம் அவனுக்கு நாய்ப் படங்கள்தான் கிடைத்தன.

ஆனால் வெட்டிய அன்று மாலை ஆறு மணிக்கே வாசல் மணி அடித்தது. தொப்பியும் பெட்டியுமாக கிளைட் நின்றார். "சுவருக்கு யாரு இந்தப் பச்சையை அடிச்சது? பார்க்கவே சகிக்கல."

"நான்தாம்ப்பா" என்றாள் லோர்னா.

"ரயில் நின்னுபோச்சாமே. சரி விடும்மா, நானே வந்துட்டேன்."

அவள் தொப்பியை வாங்கி மாட்டிவிட்டு, மேசையில் இன்னொரு தட்டு வைத்தாள்.