கத்தரிப்பூ நிறத்துப் பக்கம்

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தபோது தையல்நாயகி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அந்தப் பக்கம் வேணாம் மாமா. இடப்பக்கமா போங்க."

கணவனின் அண்ணன் காத்தவராயன் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கும் முத்தியால்பேட்டை ரோட்டுக்கும் நடுவில் முழுக்கக் குதிரைமசால்தான். வரப்பில் ஒருவர்தான் நடக்கலாம். பாடை போக வேண்டுமானால் பயிரை மிதித்தாக வேண்டும்.

"எந்தப் பக்கம் போனா என்னம்மா? ரெண்டும் மாட்டுத் தீனிதானே?"

தீனிதான். பிரெஞ்சுத் துரை வீட்டுக் குதிரைகளுக்கு அவள் கணவன் இராமதாஸ் அறுத்துப் போட்ட தீனி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் துரை கப்பலேறிவிட்டார். அவர் கொடுத்துப்போன விதையில் மிஞ்சியதை வலப்பக்கம் விதைத்தான். பற்றாததற்குக் கடலூர்க் கடை விதையை இடப்பக்கம். சொந்தமாக விதை எடுக்க வேண்டுமென்று இந்தத் தடவை அறுக்காமல் பூக்க விட்டான். வலப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் பூத்தது. இடப்பக்கம் வெளிறிப்போய். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். காய்ச்சலோடு வெயிலில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள், திட்டினாள்.

"தேனீ பூவுல மூக்க வுட்டா உள்ளருந்து தண்டு தெறிச்சு மூஞ்சியில அறையுது, தையலு. வெளுத்ததுல ஒருதடவ அடி வாங்கினா ஓடிப்போவுது. கறுத்ததுல வாசன தூக்கல் போல. அடி வாங்கியும் திரும்ப வருது பாரு" என்று சிரித்தான். அன்று சாயங்காலமே நினைவு தப்பிவிட்டது.

"வலப்பக்கந்தான் காய் புடிச்சிருக்கு" என்றாள். "இடப்பக்கம் வெறும் பூ."

"என் தம்பி பொணம் வாசல்ல கெடக்கு. இவளுக்குக் காய் பெருசாப் போச்சு!" நாத்தனார் சின்னப்பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

தையல்நாயகி அழவில்லை. நகரவும் இல்லை.

காத்தவராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"இடப்பக்கமா தூக்குங்கடா."

மேளம் முன்னால் போனது. வெளிறிய பூக்கள் கால்களுக்கடியில் சாய்ந்தன. பாடையிலிருந்து உருவி வீசிய சாமந்தி வழியெல்லாம் விழுந்தது. கூட்டம் ரோட்டில் ஏறித் திரும்பியது.

காலையிலிருந்து யாரும் தீனி போடாத மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. மிதிபட்ட தடத்தில் தலையைத் தாழ்த்தி, குதிரைமசாலையும் சாமந்தியையும் சேர்த்து மேய்ந்தது. பெண்கள் கைநீட்டிக் கத்தினார்கள்.

தையல்நாயகி அதை ஓட்டவில்லை.