பேருந்து தெரியும் இடம்

பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இரண்டாம் குடிலின் தரைப்பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்த பெனியாமினாவின் கை வழுக்கியது. கடப்பாரை நகத்தை உரசிக்கொண்டு போனது. வலியைப் பார்க்க நேரமில்லை. ஆட்கள் எழுந்து கல்லடுப்பில் சீமைப்பலா சுட வருவதற்குள் குடிலின் முன்னால் குழி இடுப்பளவாவது இறங்கியிருக்க வேண்டும். கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரிந்தது. பலகையால் முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும்.

இறந்தது அவன் மனைவி சிலிபா. முந்தாநாள் காலை கொசுவலையை உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே மெத்தையில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், அவ்வளவுதான். இப்போது சுவரில்லாத பெரிய வீட்டில் பாய்களின் மேல் படுத்திருக்கிறாள்.

நேற்று மாலை உறவுக்காரர்கள் அவளைச் சுற்றி அமர்ந்து துதிப்பாட்டுப் பாடினார்கள். பாடி முடித்ததும் குடில்களிலிருந்து கைதட்டல் கேட்டது. தங்கியிருந்த வெளிநாட்டார் தங்களுக்காக நடந்த கச்சேரி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். சிலிபா இருந்திருந்தால் எழுந்து நின்று ஒரு கும்பிடே போட்டிருப்பாள்.

அதன் பிறகுதான் அவள் தம்பி தாவித்தா பேச்செடுத்தான். தலைநகரிலிருந்து கப்பலேறி வந்தவன். வயதில் இளையவன் என்றாலும் குடும்பத் தலைவர் பட்டம் அவனுடையது.

"அக்காவப் பின்னாடி வாழைத்தோட்டத்துகிட்ட வைப்போம். வாசல்ல சமாதி இருந்தா எந்த வெளிநாட்டுக்காரன் வந்து தங்குவான்? அக்கா உண்டாக்குன பொழப்பு அக்காவாலயே கெடணுமா?"

இந்தச் சவாயித் தீவில் சமாதி இல்லாத வாசல் கிடையாது. பிள்ளைகள் அதன்மேல் படுத்து உருளும், பெண்கள் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். ஆனாலும் தாவித்தா சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பெனியாமினாவும் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி ஊருக்கு வாழ வந்த ஆண்பிள்ளைக்குக் கூட்டத்தில் பேச்சு ஏது? அவன் இடம் அடுப்படி. அவன் வேலை மற்றவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு நீட்டுவதும் குழி வெட்டுவதும்.

சிலிபா அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "என்னை ரெண்டாங்குடிலுக்கு முன்னாடி வை. பஸ்ஸுல யார் வந்து எறங்குறாங்கன்னு எனக்குத் தெரியணும்."

என்ன பொம்பளை அவள்! பேரலை ஒருமுறை எல்லாக் குடில்களையும் வாரிக்கொண்டு போனபோது ஊரே அழுதது. அவள் மட்டும் கரையோரம் நடந்து, மிதந்து வந்த தூண்களை அடையாளம் பார்த்துப் பொறுக்கினாள். தூணும் கூரையும் தரைப்பலகையும் ஒரு மெத்தையும் ஓலைத்தட்டியும், அவ்வளவுதான் குடில். மின்விசிறி கேட்டவர்களிடம், "காத்து சும்மாதானே வருது, கொஞ்சம் நகந்து படுங்க" என்பாள். மழை வந்தால் தூங்குகிறவர் விழிக்காமல் தட்டியை இறக்கிவிட்டு வருவாள். எரிந்து விழுவது ஒன்றுக்குத்தான்: "ஈரத் துண்ட மரத்துல போடாத, தூண் மக்கிப்போகும். கல்லுல போடு." அவளோடு வாழ்ந்ததில் அவனுக்கு அத்தனை பெருமை. அவள் கேட்ட ஓரிடத்தை வாங்கித் தர முடியாத வாயை நினைத்து இரவெல்லாம் நெஞ்சு எரிந்தது. வாய்தான் இல்லை, கை இருக்கிறதே என்று எழுந்து வந்துவிட்டான்.

குழி இடுப்பளவு இறங்கியபோது மேலே நிழல் விழுந்தது.

"யாரு இங்க தோண்டச் சொன்னது?" தாவித்தா கேட்டான்.

"உங்க அக்கா."

"நான் பின்னாடின்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நீங்க தலைவர், நான் மண்வெட்டி பிடிக்கிறவன். கை இங்க வந்துருச்சு."

"குடில் பலகையவும் பிடுங்கியாச்சா? நாளைக்கு ஒருத்தனும் வரலன்னா என்ன பண்ணுவீங்க?"

"மீன் பிடிச்சுக்கிறேன். அவ பஸ்ஸப் பாக்கணும்."

தாவித்தா திரும்பிச் சாலையைப் பார்த்தான். அங்கிருந்து பேருந்து நிற்கும் இடம் நன்றாகத் தெரிந்தது. அவன் பதில் சொல்வதற்குள் மணல் சரிந்தது. பலகை ஒன்று உள்ளே பிதுங்கியது. பெனியாமினா முதுகைக் கொடுத்தும் நிற்கவில்லை. வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு தாவித்தா குழிக்குள் குதித்தான். பலகையில் தோளை முட்டினான்.

"இறுக்குங்க அத்தான்," என்றான்.

சிலிபாவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். தங்கியிருந்தவர்கள் விஷயம் தெரிந்து, கூச்சத்தோடு பூக்களை வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். சமாதிக்குச் சிமெண்டு பூசி வெள்ளையடிப்பதற்காகத் தாவித்தா தலைநகருக்குத் திரும்பாமல் தங்கினான். தினமும் பெரிய வீட்டுப் படியில் உட்கார்ந்து பேருந்தைப் பார்த்தான். பேருந்து வந்தது, போனது. யாரும் இறங்கவில்லை.

வெள்ளை காய்ந்த மறுநாள் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். வெயிலில் சிவந்துபோன வெளிநாட்டுப் பெண். மூன்றாம் குடிலில் மூட்டையைப் போட்ட வேகத்தில் கடலுக்கு ஓடினாள். குளித்துவிட்டு வந்து, துண்டை எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்தாள். சமாதியின் மேல் நீட்டி விரித்தாள். ஓரத்தில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள்.

தாவித்தா விருட்டென்று எழுந்தான். பெனியாமினா அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருக்கட்டும், விடுங்க. கல்லுலதான போட்டிருக்கு."

தாவித்தா மெல்ல உட்கார்ந்தான். காற்றில் துண்டின் ஒரு முனை படபடத்தது. பெனியாமினா நடந்து போய், கரையில் கிடந்த பவளக்கல் ஒன்றை எடுத்து அந்த முனைமேல் வைத்தான்.