ஜன்னலோரத்து உத்தியோகம்

இந்த ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற சாப்பாட்டுக்கடையின் முதல் ஒன்பது கிளைகளையும் கட்டியது என் ஒற்றை வயிறு. நான் சமைத்ததில்லை, பரிமாறியதில்லை. தின்றே எழுப்பினேன்.

முதல் கடை திறந்த புதிதில் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. காலிக் கடைக்குள் எவன் காலை வைப்பான்? வேலை தேடி அலைந்த என்னைப் பெரிய முதலாளி பிடித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"தம்பி, சாப்பிடறதுதான் உன் வேலை. தெருவுல போறவனுக்கு எச்சில் ஊறணும்."

நான் எலும்பை உறிஞ்சினால் எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியைத் தொலைத்துவிடுவார். ஒருமுறை நான் விட்ட ஏப்பத்துக்குப் போகிற பஸ்ஸே நின்று, அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள். ஒரு கடையில் கூட்டம் சேர்ந்ததும் என்னை அடுத்த கிளைக்கு மாற்றிவிடுவார்கள்.

என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா? இவர் அங்க மேனேஜர்" என்பாள். தன் அக்காவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். நானும் வற்புறுத்தியதில்லை. அந்த நாட்களில் நான் வீடு திரும்பும்போது அவள் அடிச்சட்டியை வழித்துக்கொண்டிருப்பாள். நான் கோழி வாசனை போகாத கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பசியில்லை" என்பேன்.

போன வாரம் பத்தாவது கிளைத் திறப்பு விழா. மனைவியும் அவள் அக்காவும் வந்திருந்தார்கள். சின்ன முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க சாப்பிட்டே சம்பளம் வாங்கினதா அப்பா சொல்லுவார். நான் தமாஷ்னு நெனச்சேன். நிஜம்னா சொல்லுங்க, நம்ம கடைக் கதையை உங்க பேரோட அந்தச் சுவத்துல எழுதிடறேன்."

அக்கா திரும்பினாள். "என்னடி இது? மேனேஜர்னு சொன்னே?"

என் மனைவி தலை நிமிரவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சுவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என் கதையை ஊதிப் பெருக்கித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குச் சுருக்கினேன்.

"அட, உங்கப்பாவும் நானும் சேர்ந்து விட்ட சரடு தம்பி. நான் வெறும் மேனேஜர்தான்."

அக்காவின் முகம் தெளிந்தது. சின்ன முதலாளி சிரித்துவிட்டு நகரப் போனார்.

"நில்லுங்க தம்பி" என்றாள் மனைவி. "அக்கா, நாம ரெண்டு பேரும் அந்த முதல் கடை வழியா நடந்து போனோமே, ஞாபகம் இருக்கா? ஜன்னல்ல ஒரு ஆளு கோழியைக் கடிச்சுக்கிட்டிருந்தார். 'உன் வீட்டுக்காரர் மாதிரி இருக்காரே'ன்னு கேட்டே. 'யாரோ பஞ்சத்துல அடிபட்டவன்'னு சொல்லி உன்னை இழுத்துக்கிட்டுப் போனேன்."

"ஆமா, அதுக்கு?"

"அது இவர்தான்க்கா. இவர் சொல்றது அத்தனையும் நடந்ததுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த பஸ்ஸும்தான்."