சிவப்பு விளக்கு மாட்டிய பிண வண்டி

சவப்பெட்டி விற்று அடக்கம் நடத்தும் எசெல் விட்லோவிடம் இருந்தது ஒரே வண்டி. கூரையில் சிவப்பு விளக்கை மாட்டினால் ஆம்புலன்ஸ், கழற்றினால் பிண வண்டி. அமெரிக்காவில் நிறப் பிரிவினை நடந்த காலம், வெள்ளைக்காரர்களின் ஆம்புலன்ஸ் கறுப்பர்களை ஏற்றாது. அலபாமாவின் அந்த மூலையில் கறுப்பர்களுக்குக் கை கால் முறிந்தாலும், உயிரே போனாலும் எசெல்தான் வரவேண்டும். முடிவெட்டும் கடையில் அவன் தலை தெரிந்தால் போதும், கிண்டல் ஆரம்பித்துவிடும்.

"எசெல்லுக்கு என்னப்பா கவலை! ஆள் பொழைச்சா வண்டிக் கூலி, போயிட்டா பெட்டிக் கூலி."

அவனும் சேர்ந்து சிரிப்பான். கடையை விட்டு இறங்கியதும் சிரிப்பு போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மர மில்லில் லோன்ஸோவின் மேல் ஒரு அடிமரம் உருண்டது. லோன்ஸோ தேவாலயத்தில் எசெல்லின் பக்கத்தில் நின்று பாடுகிறவன், அவனுடைய ஒரே சிநேகிதன். ஊர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கறுப்பர்களுக்கென்று போட்டிருந்த கட்டில்கள் நிறைந்திருந்தன. மேல் மாடியில் பாதி வார்டு காலி. பாவிகள், மாண்ட்கமரி நகரத்துக்குக் கொண்டு போ என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அங்கேதான் கறுப்பு டாக்டர்களின் ஆஸ்பத்திரி இருந்தது.

லோன்ஸோவின் மனைவி வெர்டெல் பின்னால் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கண் விழித்து, சுற்றித் தொங்கிய வெல்வெட் திரையைப் பார்த்தான்.

"அடியே, நான் செத்துட்டனா?"

"வாயக் கழுவு! இது ஆம்புலன்ஸுய்யா. மேல விளக்கு எரியுது."

"எசெல்லு, பெட்டிக்கு அளவெடுத்துராதடா" என்று முனகினான் லோன்ஸோ.

எசெல் வண்டியை விரட்டினான். இவனை மட்டும் பிழைக்க வைத்துவிடு ஆண்டவனே, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னான்.

நடுவில் ஒரு வெள்ளைக்கார ஊர். பெட்ரோல் பங்க் ஓரம் போலீஸ் கார் நின்றது. போன முறை இதே இடத்தில்தான் மறித்தார்கள். திரையை விலக்கிப் பார்த்து, லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நக்கலடித்து அனுப்புவதற்குள் ஒரு கர்ப்பிணி வண்டியிலேயே பெற்றுவிட்டாள், குழந்தை தங்கவில்லை. மறித்தால் போகிற நேரத்துக்கு ஊர்ந்து போவதே மேல் என்று எசெல் கணக்குப் போட்டான். விளக்கை அணைத்து, பிண வண்டியென விட்டுவிடட்டும் என்று சவ ஊர்வலம் போல வண்டியை உருட்டினான்.

"என்னண்ணே, ஏன் மெல்லப் போற?" என்று திரைக்குப் பின்னாலிருந்து வெர்டெல் கத்தினாள்.

"கொஞ்சம் பொறும்மா."

"மூச்சு இழுக்குதுண்ணே! போண்ணே!"

போலீஸ்காரன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊரைத் தாண்டி எசெல் மறுபடி விரட்டியபோது பின்னால் முனகல் நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இப்போதுதான் உயிர் போயிருக்கிறது என்றார். வெர்டெல் அழவில்லை. எசெல்லிடம் வந்து நின்றாள்.

"மெதுவா ஓட்டுனியா?"

"போலீசு நின்னுதும்மா."

"உன்ன மறிச்சானா?"

"இல்ல."

"அப்ப மெதுவா ஓட்டுன."

"ஆமா" என்றான் எசெல்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முடிவெட்டும் கடைப் பேச்சு அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பெட்டியா பாருண்ணே. உன்கிட்ட குடுக்காம அவர வேற யார்கிட்ட குடுக்க முடியும்?"