மேலே பறந்த மருமகள்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எழும்பிக்கொண்டிருந்த ஆறு மாடிக் கட்டடத்தின் மேல் வெள்ளிக்கிழமைதோறும் ட்ரோன் பறக்கவிடுவது மிதுசாவின் வேலை. வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று அது படம் பிடித்து வரும். போட்டுக் கொடுத்த பாதையில் தானே போய்த் தானே திரும்பும். அவள் கீழே நின்று காற்றையும் பேட்டரியையும் கவனித்தால் சரி.

அதே கட்டடத்தில் கூரை வேலை செய்பவர் அவளுடைய தாய்மாமன் செல்வராசா. மருமகள் ட்ரோன் ஓட்டுகிறாள் என்று மரக்கறிக் கடைக்காரர் முதல் கோயில் ஐயர் வரை ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஒரு வெள்ளி, படங்களைப் பார்த்த கட்டட மேலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. கூரை விளிம்பில் ஒருவர் பாதுகாப்புக் கயிறு இல்லாமல், ஒரு கையை உயர்த்தியபடி நின்றார்.

"யார் இது?"

படத்தில் முகங்கள் மங்கலாகத்தான் இருக்கும். தொழிலாளர்களை வேவு பார்க்கக் கூடாதென்று மென்பொருளே அப்படிச் செய்துவிடும். ஆனால் மிதுசாவுக்கு முகம் எதற்கு? உயர்த்திய அந்தக் கை போதும். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா வாசலில் நின்று அப்படித்தான் கை காட்டுவார்.

"பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவினாள்.

பழைய படங்களைத் தேடிப் பார்த்தாள். தூரத்திலிருந்து எடுத்தவற்றில் கயிறு ஒழுங்காக மாட்டியிருந்தது. ட்ரோன் நெருங்கியதும்தான் கழற்றியிருக்கிறார்; விளிம்புவரை வரக் கயிற்றுக்கு நீளம் போதாது. எல்லா வெள்ளியும் இதே கூத்து.

தேநீர் இடைவேளையில் மாமாவைப் பிடித்தாள்.

"ஏன் மாமா கயிறைக் கழட்டுறியள்?"

"நீ தலைக்கு மேலால போகேக்க கண்டும் காணாத மாதிரி நிக்க ஏலுமே?"

"அதுக்குள்ள நான் இல்லை மாமா. அது மெசின்."

"ஓம், தெரியும். படத்தைப் பாக்கிறது நீதானே?"

"விழுந்தியளெண்டா?"

"நான் விழமாட்டன் பிள்ளை. சும்மா பயப்பிடாதை" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைப் பயப்படுத்தியது. அடுத்த வெள்ளியும் விளிம்புக்கு வருவார். நேரே மேலாளரிடம் போய்ப் பெயரைச் சொன்னாள்.

மாமாவைக் கூரையிலிருந்து இறக்கிப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பினார்கள்.

"காட்டிக் குடுத்திட்டாய், என்ன?" என்றார். அதன் பிறகு அவளுடைய தொலைபேசி அழைப்புக்கு மறுமொழியே இல்லை.

அவர் மறுபடி கூரைக்கு ஏறிய வெள்ளிக்கிழமை, படங்கள் வந்ததும் மிதுசா முதலில் அவரைத்தான் தேடினாள். மற்றவர்கள் ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இடுப்பிலிருந்து போன கயிற்றின் கொக்கியைப் பெரிதாக்கி, பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. மிதுசா திரையைப் பார்த்துக் கை காட்டினாள்.