பாலம்மாள் மொட்டையடித்த ஆப்பிள் மரங்கள்

குற்றாலம் தேனருவிக்கும் மேலே, மூசா ராவுத்தரின் கிராம்புத் தோட்டத்தில் ஆறு ஆப்பிள் மரங்கள் நின்றன. வைக்கச் சொன்னவன் தோட்டக்காரன் கைலாசம். கொடைக்கானலில் ஒரு துரையிடம் வேலை பார்த்துவிட்டு 1933-ல் ஊர் திரும்பியவன். "அங்கன காய்க்கது இங்கன காய்க்காதா மொதலாளி?" என்று அடித்துப் பேசிக் கன்றுகளைத் தருவித்தான்.

ஐந்து வருஷமாகியும் இலைதான் தழைத்தது, பூவைக் காணோம். ஒரு தை மாதம் ராவுத்தர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாசிக் கடைசியில வருவேன் வே. ஒரு மொட்டாவது இருக்கணும். இல்லேன்னா வெட்டிட்டுக் கிராம்பு வைப்போம். நீரும் வேற தோட்டம் பாத்துக்கிடும்."

கைலாசம் பதறிப்போய் வாய்க்காலை இன்னும் அகலமாக வெட்டிவிட்டான். அருவித் தண்ணீர் பாய்ந்தால் எதுவும் காய்க்கும் என்று நம்பாத குற்றாலத்துக்காரன் உண்டா?

இடையில் கடையத்தில் தங்கை வீட்டுக் கல்யாணம். கைலாசம் மட்டும் போய், நாலு நாள் கழித்து வந்து பார்த்தால், ஆறு மரத்திலும் ஓர் இலை இல்லை. வாய்க்கால் அடைபட்டிருந்தது. கொட்டிலில் ஆடு நிதானமாக அசைபோட்டது.

"ஏட்டி பாலம்மா, என்ன காரியம் செஞ்சிருக்க?"

"வெட்டப்போற மரந்தானே? குட்டி போட்ட ஆடு திங்கட்டுமேன்னு உருவிப் போட்டேன்" என்றாள் மனைவி.

"தண்ணிய ஏன் அடைச்ச?"

"மொட்டை மரத்துக்குக் குளிப்பு ஒண்ணுதான் கொறச்சலாக்கும். கத்தரிக்குத் திருப்பிட்டேன்."

கைலாசம் மரங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதையும் விட்டான், அவளோடு பேச்சையும் நிறுத்தினான். ஆனாலும் கத்தரிக்காய்க் குழம்புக்கு மட்டும் வட்டிலை இரண்டு தரம் நீட்டினான்.

மாசிக் கடைசியில் ராவுத்தர் வந்தார். பின்னால் கோடரியோடு சங்கிலிப்பாண்டி. கைலாசம் துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி கூட நடந்தான்.

"என்னவே இது?"

நிமிர்ந்தான். மொட்டைக் கிளைகளில் கொத்துக் கொத்தாக ரோஜா நிற மொட்டுகள். இரண்டொன்று விரிந்து, தேனீயும் வந்திருந்தது.

அப்போதுதான் கைலாசத்துக்கு உறைத்தது. கொடைக்கானல் குளிரில் இலையெல்லாம் தானே கொட்டி, மரம் தூங்கி எழுந்துதான் பூக்கும். அந்தச் சருகைக் கூட்டி அள்ளியவனே அவன்தான். இங்கே குளிரும் இல்லை, தூக்கமும் இல்லை. அவன் வேறு விடாமல் தண்ணீர் ஊற்றி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். பாலம்மாள் இலையை உருவித் தண்ணீரை அடைத்த பிறகுதான் மரம் கண்ணயர்ந்திருக்கிறது.

"என்ன வித்தை வே?" என்றார் ராவுத்தர்.

புளுக நாக்கு துறுதுறுத்தது. பக்கத்துக் கத்தரிப் பாத்தியில் நின்று பாலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ செஞ்சது மொதலாளி."

ராவுத்தர் சிரித்துக்கொண்டே சங்கிலிப்பாண்டியிடம் திரும்பினார். "கோடரிய மூங்கில்ல போடுலே. சுத்தி வேலி கட்டணும்."

"வாசல் வச்சுக் கட்டச் சொல்லுங்க மொதலாளி. அடுத்த தைக்கும் நாந்தானே உருவணும்?" என்றாள் பாலம்மாள்.

மூட்டையை அவிழ்க்க வீட்டுக்கு ஓடினான் கைலாசம்.